நாலு தலைச்சுமை

அந்த விண்ணப்பத்தில் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பேனாவால் பதில் எழுதினேன். பதினொன்றாவது கேள்விக்கு மட்டும் பென்சில். 'உங்கள் மீது எப்போதாவது வழக்கு, அபராதம், தண்டனை ஏதேனும் உண்டா? மிகச் சிறியதாக இருந்தாலும் குறிப்பிடவும்' என்று கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்று எழுதினேன். அழித்தேன். 'ஆம்' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் ஜீவா, "அம்மா, என் ரப்பரே தேஞ்சு போச்சு" என்று பிடுங்கிக்கொண்டாள்.

கோத்தகிரியில் ஒரு தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். அங்கே சின்னப் பிள்ளைகள் விடுதிக்கு ஆயா வேலை. நேர்காணல் முடிந்துவிட்டது. என்னை அவர்களுக்குப் பிடித்தும் போய்விட்டது. இனிக் காகிதங்கள் சரியாக இருந்தால் போதும் என்றார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். ஆசைக்குச் சொல்லவில்லை, என் வலது தோள்பட்டை போய்விட்டது. பதினாறு வருஷம் தேயிலை வெட்டும் கத்தரியைப் பிடித்த தோள். இப்போது தலை வாரக் கையைத் தூக்கினாலே கண்ணில் தண்ணீர் வருகிறது. என் வீட்டுக்காரர் தங்கையா ஃபேக்டரியில் பெர்மனன்ட், நான் தோட்டத்தில் டெம்பரரி. கத்தரி பிடிக்க முடியாத டெம்பரரிக்கு எஸ்டேட்டில் என்ன மரியாதை என்று கீழ் கோத்தகிரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

'இல்லை' என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்து எஸ்டேட் டெனின் அதே பள்ளிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய் எட்டாம் நாள் திரும்பி வந்தான். லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டி, கோர்ட்டில் அபராதம் கட்டியதை மறைத்திருந்தான். அபராதத்துக்காக அவனை அனுப்பவில்லையாம். 'இல்லை' என்று எழுதியதற்காக அனுப்பினார்களாம். இதை அவனே கடைவீதியில் நின்று, பெரிய அநியாயம் நடந்துவிட்ட மாதிரி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்களில் நான் ஒருத்திதான் அதை ஒழுங்காகக் காதில் வாங்கினேன்.

என் விஷயம் விறகு. பதினாலு வருஷத்துக்கு முந்தியது.

எங்கள் எஸ்டேட்டின் லைன் வீடுகளில் அப்போதே கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனால் இந்தக் குளிரில் குளிக்க வெந்நீர் காய்ச்சுவதற்கு சிலிண்டரைக் கரைக்க எந்தப் பைத்தியமும் துணியாது. அதற்கு விறகுதான். தேயிலை முடிகிற இடத்தில் காடு ஆரம்பம். சீகை மரங்கள் காய்ந்து தானாக விழுந்து கிடக்கும். நாங்கள் விழுந்ததைத்தான் எடுப்போம். காட்டு இலாகாவுக்கு விழுந்ததும் ஒன்றுதான், வெட்டியதும் ஒன்றுதான்.

பிடிபட்டால் என்ன செய்வது என்பதற்கு லைனில் ஒரு முறை இருந்தது. எத்தனை பேர் பிடிபட்டாலும் ஒருத்தி மட்டும் பேர் கொடுப்பாள். ஃபாரஸ்ட் கார்டுக்கும் அது சௌகரியம், நாலு பேருக்கு நாலு தாள் எழுத அவருக்கும் சோம்பல். யார் பேர் கொடுப்பது என்பதற்கும் சட்டம் உண்டு. கைக்குழந்தைக்காரி கூடாது. கல்யாணப் பேச்சு நடக்கிறவள் கூடாது. பெர்மனன்ட் ஆள் கூடாது, மேனேஜர் காதுக்குப் போனால் வம்பு. அபராதம் எல்லோருக்கும் பொது. பேர் கொடுத்தவள் மற்றவர்கள் பேரை எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்லக்கூடாது. இருக்கிற சட்டங்களிலேயே பெரிய சட்டம் அதுதான்.

அன்றைக்கு நாலு பேர் போனோம். ஆண்டாயி அக்கா, சசிகலா, சுமலதா, நான். ஆண்டாயி அக்கா பெர்மனன்ட். சசிகலா கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்திருந்தாள். சுமலதாவை அந்த மாதம்தான் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம், டெம்பரரி, வயிற்றிலும் ஒன்றுமில்லை, இடுப்பிலும் ஒன்றுமில்லை. பேர் கொடுக்கவென்றே செய்து வைத்த மாதிரி நின்றேன். "சுகுணா, கணவர் பெயர் தங்கையா" என்று நான் சொல்ல, கார்டு எழுதிக்கொண்டார். காட்டு இலாகாவின் ரேஞ்ச் ஆபீசில் அபராதம் கட்டி ரசீது வாங்கினோம். எங்கள் இரண்டு பேர் பேரும் சேர்ந்து முதன்முதலாக ஏறிய அரசாங்கத் தாள் அதுதான். கல்யாணத்தைக்கூட அதற்குப் பிறகுதான் பதிவு செய்தோம்.

அதை ஒரு குற்றம் என்று நான் நினைத்ததே இல்லை, இசக்கியம்மா சொல்லும்வரை. அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டில் தும்மினால் என் வீட்டில் கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன் குழாயடியில் யார் குடம் முதலில் என்று ஆரம்பித்த பேச்சு, எங்கெங்கோ போனது. கடைசியில் என் மகள் நிற்கும்போதே, "ரேஞ்ச் ஆபீசுல வெறகுத் திருடின்னு பேர் ஏறினவ எனக்கு ஞாயம் சொல்ல வந்துட்டா" என்று கத்தினாள். அன்றோடு பேச்சு நின்றது. எனக்குக் கோபம் வரக் கொஞ்சம் நேரமாகும். வந்தால் போக அதைவிட நேரமாகும்.

கடைசியில் பேனாவாலேயே 'ஆம்' என்று எழுதினேன். 'சீகை விறகு. அபராதம் கட்டியாயிற்று' என்றும் சேர்த்தேன். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் அந்த ரசீது பதினாலு வருஷமாகப் பத்திரமாக இருந்தது. மடிப்பில் கிழிந்த அதை நகல் எடுத்து இணைத்தேன். என்னைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை வியாழக்கிழமை வரை நின்றது. அன்றைக்குத்தான் மனுவேல் சார் என்னைக் கூப்பிட்டார். பள்ளியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிற மனிதர். ஆனால் காகிதம் என்று வந்துவிட்டால் ஒரு புள்ளி அவருக்குத் தப்பாது.

"விறகு எடுத்ததுக்கா? இதெல்லாம் யாரும் எழுத மாட்டாங்கம்மா. நீங்க எழுதியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்" என்றார். எனக்கு அப்போதே வேலை கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் கண்ணாடியை இறக்கி ரசீதைப் படித்தார். ஒரு வரியில் அவர் கண் நின்றது.

"தலைச்சுமை நாலுன்னு போட்டிருக்கே?"

"ஆமாங்க சார்."

"எத்தனை பேர் போனீங்க?"

நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதினாலு வருஷமாகப் பூட்டிய வாய், தானாக வேறு ஒன்றைச் சொன்னது. "நான் மட்டுந்தானுங்க சார்."

"ஒரு தலையில நாலு சுமையா?"

"நாலு நடை நடந்தேனுங்க."

அவர் மறுபடியும் ரசீதைப் பார்த்தார். "காலைல ஒன்பது மணின்னு நேரம் எழுதியிருக்காங்க. நீங்க எத்தனை மணிக்குப் போனீங்க?"

"ஏழு மணிக்குங்க."

"வீட்டுல இருந்து காடு எவ்வளவு தூரம்?"

"ஒரு மணி நேர நடைங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். படித்த மனிதர் அவர். கணக்கு எங்கே இடிக்கிறது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கோபப்படவில்லை. "இதோ பாருங்கம்மா, அடுப்புக்கு விறகு எடுத்தா எங்களுக்கு ஒண்ணும் இல்லை. நாலு சுமைன்னா விக்கிறதுக்கு எடுத்த மாதிரி இருக்கு. இங்க ஸ்டோர் சாவி ஆயாங்க கையிலதான் இருக்கும். நிர்வாகம் என்னைத்தான் கேக்கும். எப்படியும் ஸ்டேஷன்ல இருந்து உங்களைப் பத்தி விசாரிக்க வருவாங்க. இந்த நாலு சுமையையும் கேக்கச் சொல்லி எழுதிடறேன். விக்கிறதுக்கு இல்லைன்னு அவங்க எழுதிக் கொடுத்தா எனக்குப் போதும். அவங்ககிட்டயாவது நடந்ததைச் சொல்லுங்க" என்றார்.

அந்த 'அவங்ககிட்டயாவது' தான் பஸ்ஸில் வழி முழுக்க என்னைக் குத்தியது. ஆம் என்று உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றிக் கேட்டபோது பொய் சொல்லிவிட்டு வந்த ஒரே ஆள் இந்த மாவட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன். டெனினாவது ஒரு பொய்யோடு நிறுத்தினான். நாலு என்று எழுதிய கார்டைத் திட்டினேன், ரசீதைப் பத்திரமாக வைத்த என்னைத் திட்டினேன், சட்டம் போட்ட லைனையும் சேர்த்துத் திட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தன் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

தங்கையா ஃபேக்டரியிலிருந்து வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தேயிலைத் தூள் படிந்த சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். என் வீட்டுக்காரர் எதற்கும் அவசரப்படாதவர். எனக்கும் சேர்த்து அவர் பொறுமையாக இருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

"நாலு சுமை, உன்கூட வந்தது மூணு பேரு. அந்த மூணு பேரையும் சொல்லிப்போடு. அதுல என்ன இருக்குது?" என்றார்.

"என்ன இருக்குதா? ஏனுங்க, ஆண்டாயி அக்காவுக்கு இன்னும் நாலு மாசத்துல ரிட்டயர்மென்ட். சசிகலாவோட மூத்த பையன் போலீஸ் வேலைக்கு எழுதிப்போட்டிருக்கான், அவனையும் இப்படித்தான் விசாரிக்க வருவாங்க. சுமலதா ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா. இவங்க பேரை நான் போலீஸ்ல சொல்லுவேனா? மூணு பேர் பேரும் என் வாயில வராதுங்க. வேலை போனாப் போகட்டும்!"

"சரி, அப்பக் கத்தாதே. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்குது" என்றார் தங்கையா.

"இருக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். வெறகுத் திருடிக்கு வேலை போகுதுன்னு சந்தோஷப்படட்டும்" என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. எனக்கு அழுகை வந்தது. வேலை போகட்டும் என்று வாய் சொன்னதே தவிர, அது போய்விடுமே என்றுதான் அழுதேன்.

போலீஸ்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். லீவு நாள், காலை பத்து மணி, குழாயில் தண்ணீர் விடுகிற நேரம். லைன் முழுக்க வாசலில்தான் நின்றது. ஏட்டு மருதாசலம் என்று பேர் சொன்னார், கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். பைக்கை நிறுத்திவிட்டு, தங்கையா கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆதார், ரேஷன் கார்டு, எத்தனை வருஷமாக இங்கே குடியிருக்கிறோம் என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். அதுவரைக்கும் சரி. அப்புறம் ஃபைலில் ஒரு தாளைப் புரட்டினார்.

"ஏனுங் அம்மிணி, இந்த வெறகு கேஸு. நாலு சுமைன்னு இருக்குதுங்களே. யாருக்கு வித்தீங்க?"

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. குழாயடியில் அத்தனை குடமும் அப்படியே நின்றது.

"விக்கலீங்க" என்றேன்.

"அப்ப ஒத்தை ஊட்டுக்கு நாலு சுமை எதுக்குங்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று பேரும் இருபது அடிக்குள் நிற்கிறார்கள். அவர்கள் பக்கம் கண் போனால்கூடக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று கழுத்தைத் திருப்பவே இல்லை. ஏட்டு பேனாவைத் தட்டிக்கொண்டே காத்திருந்தார். ஜீவா என் புடவையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இந்த லயத்துல இருந்து ஒரு குச்சிகூட வித்தது கெடையாதுங்க" என்று ஒரு குரல் வந்தது. ஆண்டாயி அக்கா. சிலோனில் பிறந்து சிறுமியாக இங்கே வந்தவர். அங்கத்திய பேச்சு இன்னும் விடவில்லை, லைனை லயம் என்றுதான் சொல்வார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றார். "அதுல ஒரு சுமை என்னோடது. என் பேரு ஆண்டாயி. எழுதிக்கங்க."

"அக்கா!" என்றேன் நான்.

"நீ பேசாம இரு" என்றார் அக்கா. "பதினாலு வருசமா நீ பேசாம இருந்தது போதும்."

ஏட்டு எழுதி முடிக்கவில்லை, சசிகலா வந்துவிட்டாள். "இன்னொண்ணு என்னோடதுங்க சார். என் மூத்த பையன் போலீஸ் செலக்ஷனுக்குப் போயிருக்கான். அவனை விசாரிக்க நீங்களே வந்தாலும் இதையேதான் சொல்லுவேன்." சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவளுக்குப் பின்னாலேயே சுமலதா. "எனக்கு ஒரு சுமைங்க. வரப்போற கல்யாணத்துக்குத் தண்ணி காய வெக்க வெறகு இல்லைன்னு நான்தான் எல்லாரையும் கெளப்பிக்கிட்டுப் போனேன்."

அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. பதினாலு வருஷமாக நான் தனியாகச் சுமந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததை மூன்று பேர் வந்து ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டார்கள். என் நெஞ்சு அப்படி லேசானது.

"மூணாச்சு" என்றார் ஏட்டு. "நாலாவது?"

"அது..." என்று நான் வாயைத் திறந்தேன்.

"என்னோடதுங்க!"

குழாயடியில் ஒரு குடம் தொம்மென்று கீழே வைக்கப்பட்டது. இசக்கியம்மா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சண்டைக்கு வருகிற அதே நடையில் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஏட்டைப் பார்த்து, "நாலாவது சுமை என்னோடது. பேரு இசக்கியம்மா. இவளுக்கும் வெறகுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. நாங்க நாலு பேரும் எடுத்ததுக்கு இவ பேரைக் கொடுத்தா. அவ்வளவுதான்" என்றாள்.

லைனே வாயைப் பிளந்தது. நானும்தான். மூன்று வருஷத்துக்கு முன் என்னை விறகுத் திருடி என்றவள், போலீஸ்காரருக்கு முன்னால் தன்னை விறகுத் திருடி என்கிறாள்.

ஏட்டு எழுதியதை விரல் வைத்து எண்ணினார். "ஆண்டாயி ஒண்ணு, சசிகலா ரெண்டு, சுமலதா மூணு, இசக்கியம்மா நாலு. சுமை தீந்துபோச்சுங்களே." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அம்மிணி, நீங்க வெறுங்கையோட காட்டுக்குப் போயி, பேரை மட்டும் கொடுத்துட்டு வந்தீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். எல்லாம் முடிந்தது. ரசீதில் இருக்கிற நாலு சுமையில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. பளிச்சென்று துடைத்துவிட்ட பேரோடு வேலைக்குப் போகலாம். ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மனுவேல் சாரிடம் சொன்ன 'நாலு நடை' இன்னும் தொண்டையில் முள்ளாக நின்றது. இரண்டாவது முள்ளுக்கு அங்கே இடமில்லை.

"இல்லீங்க. நாலாவது சுமை என்னோடதுங்க. இவ அன்னிக்கு வரவே இல்லை."

"வந்தேன்!" என்றாள் இசக்கியம்மா.

"எங்கடி வந்த? ரசீதுல தேதியைப் பாருங்க சார். அதுக்கு முந்தின நாள்தான் இவ மகன் வினோத் பொறந்தான். அன்னிக்கு இவ கோத்தகிரி ஆஸ்பத்திரியில புள்ளையைப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுத்துக் கெடந்தா!"

சசிகலாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டு சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இசக்கியம்மாவுக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு நல்லது பண்ண வந்தா என்னைப் போலீஸ்காரர் முன்னாடி பொய்க்காரி ஆக்குறியா? நீயெல்லாம் மனுஷியா? நாலு சுமை, மூணு பேருன்னு உன் வீட்டுக்காரர் சொன்னதைச் சுவத்து வழியா நான் கேட்டேன். ஒரு ஆளு கொறையுதே, அந்தச் சுமைக்கு யாரும் வரலைன்னா இவ வேலை போயிருமேன்னுதான் வந்தேன்!"

"கொறையுற ஆளு நான்தான்டி!" என்றேன். "மூணு பேரு, என்னோட சேத்து நாலு!"

அவள் விரலை மடக்கி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். "அட ஆமா" என்றாள், மெதுவாக.

"இவதான் வியாழக்கெழமையே எங்க மூணு வீட்டுக்கும் வந்து சொன்னா" என்றார் ஆண்டாயி அக்கா. "நீ எங்க பேரைச் சொல்ல மாட்டேன்னு அழுறியாம், போலீசு வந்தா நீங்களே சொல்லிருங்கன்னு சண்டை போட்டுட்டுப் போனா. அவளும் ஒரு சுமையைத் தூக்கிக்கிட்டு வருவான்னு எங்களுக்குத் தெரியாது."

மூன்று வருஷமாக அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தவள் நான். அந்தப் பக்கம் இருப்பவள் என் அழுகையைக் கேட்டுவிட்டுப் பாதிப் பாத்திரத்தோடு எழுந்து போயிருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஏட்டு இசக்கியம்மாவின் பேரை மட்டும் கோடு போட்டு அடித்தார். "இத பாருங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க. இது அன்னிக்கே அபராதம் கட்டி முடிஞ்சு போன சமாச்சாரம். கோர்ட்டுக்கே போகலை, தண்டனையும் கெடையாது. யாரும் பயப்பட வேண்டியதில்லை, உங்க பையனுக்கும் ஒண்ணும் ஆகாதுங்க" என்று சசிகலாவைப் பார்த்துச் சொன்னார். "வித்தாங்களா இல்லையான்னு மட்டுந்தான் எனக்குக் கேள்வி. நாலு ஊடு, நாலு அடுப்பு, நாலு சுமை. நான் எழுதிக்கறேன்." எழுந்து பைக்கை எடுக்கும்போது, "பதினெட்டு வருஷ சர்வீசுல, என் மேல கேஸ் இல்லைன்னு சண்டை போடறவங்களைத்தான் பாத்திருக்கேன். இது என்னோட கேஸுன்னு சண்டை போட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

புதன்கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தது. திங்களன்று வேலையில் சேரலாம், அதற்கு முன் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தோள் வலிகூட அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டது.

வெள்ளிக்கிழமை மனுவேல் சாருக்கு முன்னால் போய் நின்று முதல் வேலையாக, "சார், நாலு நடை நடந்தேன்னு சொன்னது பொய்யிங்க" என்றேன். அவர் நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "தெரியும்மா. ஒருத்தரும் அவ்வளவு வேகமா நடக்க முடியாது" என்றார். "ஸ்டேஷன் தாளையும் படிச்சேன். கூடப் போனவங்க பேரைச் சொல்ல வேண்டாம்னுதான் அப்படிச் சொன்னீங்கன்னு புரியுது. ஆனா இங்க பிள்ளைங்க விஷயத்துல அப்படி மறைக்கக் கூடாது. அடிபட்டா அடிபட்டுச்சுன்னு உடனே வந்து சொல்லிடணும்." சரிங்க சார் என்றேன். அந்த நிமிஷத்தில் அவர் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடைசித் தாளில் இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'உங்களைப் பற்றி விசாரிக்க, உறவினர் அல்லாத, உங்களை நன்கு அறிந்த ஒருவரின் பெயர்.' இந்த முறை பென்சில் கேட்கவில்லை. இசக்கியம்மா என்று எழுதி, கீழே முகவரியும் எழுதினேன். போன் நம்பர் மட்டும் தெரியவில்லை. மூன்று வருஷமாகப் பேசாதவளின் நம்பர் எப்படித் தெரியும்? ஜீவாவுக்குப் போன் போட்டு, வினோத்திடம் கேட்கச் சொல்லி வாங்கினேன்.

சாயங்காலம் குழாயடியில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னைக் கேக்காம என் பேரை எப்படிடி கொடுத்த?" என்று கத்தினாள். இரண்டு வீடு தள்ளி நாய் எழுந்து நின்றது.

"நீ மட்டும் என்னைக் கேட்டுட்டா என் சுமையைத் தூக்கிக்கிட்டு வந்த?"

அவள் குழாயைக் கொஞ்சம் மூடித் தண்ணீர்ச் சத்தத்தைக் குறைத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "யாராச்சும் போன் பண்ணினா என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

"உள்ளதைச் சொல்லு."

"முழுசாவா?"

"முழுசா வேண்டாம். குழாயடிச் சண்டையை விட்டுட்டுச் சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே தன் குடத்தைக் குழாயடியிலிருந்து நகர்த்தி, அந்த இடத்தில் என் குடத்தை வைத்தாள்.